எந்தக் கட்டம்

ஆய்வு எண் நூற்றுப் பதினெட்டு
யீஷூனிலிருந்து நொவீனாவுக்கு ரயிலில் வருகிறார்.
செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் வெல்டிங்.
பெயரை நான் எழுதக்கூடாது;
எழுதாமலே அது எனக்குத் தெரியும்.
ஒன்பது வருஷமாய்த் தூங்கப் போகுமுன் ஒரு மாத்திரை,
பழைய வகை, மூன்று வளையம் கோத்த மூலக்கூறு.
டாக்டர் எனக்கு அதை விளக்க
கோப்பிக் குவளையைத் தாளில் மூன்று தரம் வைத்து எடுத்தார்.
அந்தக் கறை இன்னும் என்னிடம் இருக்கிறது,
கோப்பில் அல்ல, டிராயரில்.

என் வேலை தமிழில் கேட்பது,
ஆங்கிலத்தில் டிக் போடுவது.
மேல் கட்டம் மார்பு வலிக்கு,
கீழ்க் கட்டம் மனச்சோர்வுக்கு,
நடுவே ஒரு நீலக் கோடு.
ஒரு முறையீட்டுக்கு ஒரு டிக்தான்.

"எப்படி இருக்கீங்க?"
"நெஞ்சு அடைக்குதும்மா."

அவர் கை வைத்த இடத்தில் சட்டைப்பை,
பைக்குள் ரயில் அட்டை,
அட்டைக்குப் பின்னால் நான்கு அறையுள்ள ஒரு தசை.
அதற்கும் பின்னால் என்ன என்று
எனக்குப் பயிற்சி தந்த யாரும் சொல்லவில்லை.
நெஞ்சில் சளி என்கிறோம்,
நெஞ்சில் ஈரமில்லை என்கிறோம்,
நெஞ்சறியச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்கிறோம்.
இத்தனையையும் ஒரே சொல்லில் திணித்த மொழிக்கு
அடைப்பு வராமல் என்ன செய்யும்!

"படி ஏறும்போதா?"
"படி எங்க ஏறுறேன், லிஃப்ட் இருக்கே."
"அப்ப எப்ப?"
"சாயங்காலம் நாலு மணிக்கு.
லிஃப்ட் கதவு திறக்கும். யாரும் வரமாட்டாங்க."

யார் வரவேண்டும் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.
வெளியே அடுத்தவர் செருமினார்.
கீழ்க் கட்டத்தில் டிக் போட்டேன்.

வெள்ளிக்கிழமை இசிஜி தாள் வந்தது.
அலை எழுந்து அடங்க
வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம்.
மாத்திரை அப்படிச் செய்யக்கூடும் என்பது
எங்கள் ஆய்வின் முதல் பக்கத்திலேயே உண்டு.
ஆனாலும் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார்.
இடப்பக்கக் குழாயில் முக்கால் பங்கு அடைப்பு.

மருந்தா?
மருந்து தேவைப்பட்ட துக்கமா?
துக்கம் நாற்காலியில் உட்காரவைத்த ஒன்பது வருஷமா?
சிகரெட்டா, அப்பாவிடமிருந்து வந்த சர்க்கரையா?
ஆயிரத்து இருநூறு பேர் கிடைத்தால்
ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துவிடலாம் என்கிறாள்
புள்ளிவிவரம் பார்க்கும் வெய் லிங்.
பாலையும் நீரையும் பிரிக்கும் ஒரு பறவை
எங்களிடம் இருந்தது என்றேன்.
"எத்தனை பறவைகளில் சோதித்தார்கள்?" என்று கேட்டாள்,
சிரிக்காமல்.

திருத்தப் படிவம் இளஞ்சிவப்பு.
பழைய பதிலை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும்,
அடித்தது கீழே தெரிய வேண்டும்,
பக்கத்தில் தேதி, கையொப்பம், காரணம்.
காரணத்துக்கு இரண்டு அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள்.
பேனா வழுக்கியது என்று எழுதுவது வழக்கம்.
நான் 'மொழிபெயர்ப்பு' என்று எழுதினேன்.
மேல் கட்டத்தில் டிக் போட்டேன்.
கீழே இருந்ததை அடிக்கவில்லை.
வெய் லிங்கின் திரையில் சிவப்புக் கொடி எழும்.
எழட்டும்.

ஆறாம் வாரம் தொலைபேசியில் கூப்பிட்டேன்.
ஸ்டென்ட் வைத்தாயிற்று, மாத்திரையை மாற்றியாயிற்று.
வாய் உலர்வது நின்றுவிட்டதாம்,
தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் பேருந்து ஏறுகிறாராம்,
அதைச் சொல்லும்போது குரலில் சின்னப் பெருமை.

"நெஞ்சு?" என்றேன்.
பயிற்சியில் சொன்ன சொல் அது இல்லை,
தானாய் வந்துவிட்டது.

அவர் பதில் சொல்லத் தொடங்கினார்,
அந்தப் பக்கம் லிஃப்ட் மணி அடித்தது.
"இரும்மா," என்றார்.
சுவரில் மணி பார்த்தேன், நாலாக ஒரு நிமிடம்.
கதவு திறக்கும் ஓசை,
ரப்பர் செருப்பு இரண்டடி நடக்கும் ஓசை.
மூடும் ஓசைக்காக
காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டிருந்தேன்.